செக்கு மாடும் கடைசி வரியும்

“‘கூடையைக் கழற்றினால் எள்ளைத் தின்னும். எள்ளைத் தின்றால் எண்ணெய் குறையும். எண்ணெய் குறைந்தால் நீங்கள் எல்லாரும் என்னைத்தான் திட்டுவீர்கள்.’ இதைத்தானே கரடியாரே, மூன்று கோடையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்? புதிதாக ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். இல்லையென்றால் உட்காருங்கள்” என்றது மைனா.

குளக்கரையில் கூடியிருந்த விலங்குகள் சிரித்தன. கரடி சிரிக்கவில்லை.

அந்தக் காட்டில் செக்கு வைத்திருந்தது கரடி ஒன்றுதான். செக்கை இழுத்துச் சுற்றியது மயிலை என்ற காளை. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அதற்கு அதே வட்டம்தான். கண்களில் பட்டை. வாயில் பனைநாரால் முடைந்த கூடை. ஒரு எள்ளைக்கூட மயிலை நக்கிவிடக் கூடாது என்று, தாடை அசையாதபடி கூடையை இறுக்கிக் கட்டியிருந்தது கரடி. சாயங்காலம் வைக்கோல் போடும்போதுதான் அதைக் கழற்றும்.

மைனா மயிலையின் முதுகில் உண்ணி பொறுக்கிப் பிழைத்து வந்தது. கூடை கழன்ற நேரத்தில் மயிலை பேசுவதையெல்லாம் அது பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறது.

“நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது அக்கா. உச்சி வெயிலில் ஒரு வாய் தண்ணீர் கிடைத்தால் போதும். வேறெதுவும் வேண்டாம்” என்று மயிலை சொல்லும்.

அந்த ஒரு வாய்த் தண்ணீருக்காகத்தான் மைனா இப்போது சிங்கராஜாவைக் குளக்கரைக்கு வரவழைத்திருந்தது.

அந்தக் காட்டில் சட்டம் என்றால் களிமண் பலகை. நரி மந்திரி ஈர மண்ணில் நகத்தால் வரி கீறும். மண் காய்வதற்குள் ராஜா பாதம் பதிக்க வேண்டும். பதித்துவிட்டால் சட்டம். காய்ந்த பலகையில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. மாற்ற வேண்டுமானால் அடுத்த மழை வரை காத்திருந்து, புதுக் களிமண் எடுத்துப் புதுப் பலகைதான் செய்ய வேண்டும்.

அன்று வெயில் கொளுத்தியது. பலகையின் ஓரம் ஏற்கெனவே வெளுக்கத் தொடங்கிவிட்டது.

நரி வாசித்தது. “பொழுது உச்சிக்கு வந்தால் செக்கு நிற்க வேண்டும். மாட்டை நிழலில் கட்ட வேண்டும். தண்ணீர் காட்ட வேண்டும். சரிதானே மைனாம்மா?”

“சரி. கூடை?”

“அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஒரேயடியாக எல்லாவற்றையும் கேட்டால் ராஜாவுக்கு அலுத்துப்போகும்” என்றது நரி. கரடியின் பக்கம் ஒரு முறை திரும்பிவிட்டு, இன்னொரு வரியைக் கீறியது. “இதையும் சேர்த்துக்கொள்கிறேன். ‘சட்டம் மீறப்பட்டால், பாதிக்கப்பட்டவர் தன் வாயால் முறையிட வேண்டும்.’ இல்லாவிட்டால் வேலையில்லாதவர்கள் எல்லாம் புகாரோடு வந்து நிற்பார்கள்.”

ஆமை தலையை நீட்டியது. “அந்தக் கடைசி வரியை இன்னொரு தரம் வாசியுங்கள் மந்திரி. எனக்கு என்னவோ…”

மைனாவுக்குப் பொறுமை போயிற்று. “ஆமையாரே, உங்களுக்கு என்னவோ என்று நீங்கள் யோசித்து முடிப்பதற்குள் மண் கல்லாகிவிடும். அந்த வரி இருந்துவிட்டுப் போகட்டும். ராஜா, பாதத்தை வையுங்கள்.”

ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. சிங்கம் பாதத்தைப் பதித்தது. காடே கை தட்டியது.

பத்து நாள் செக்கு உச்சியில் நின்றது. கூடையோடே முகத்தை முக்கி மயிலை தண்ணீரை உறிஞ்சியது. பதினோராம் நாள் நிற்கவில்லை.

“எண்ணெய் ஊற்றும் நாள் நெருங்கிவிட்டது. இன்று ஒரு நாள்தான்” என்றது கரடி. மறுநாளும் அதையே சொன்னது. அதற்கு அடுத்த நாளும். நான்காம் நாள் உச்சியில் மயிலையின் கால்கள் ஒன்றோடொன்று பின்னின.

மைனா நரியின் குகைக்குப் பறந்தது. “மந்திரி, கரடி சட்டத்தை மீறுகிறது. மயிலைக்கு நான்கு நாளாக உச்சித் தண்ணீர் இல்லை.”

“பாதிக்கப்பட்டது நீயா?”

“மயிலை.”

“அப்படியானால் மயிலையை வரச் சொல்.”

“கரடி அதைச் செக்கில் கட்டிவைத்திருக்கிறது என்கிறேன்.”

“கட்டை அவிழ்த்ததும் வரட்டும்” என்ற நரி கொட்டாவி விட்டது. “கடைசி வரி. நீதானே இருந்துவிட்டுப் போகட்டும் என்றாய்?”

மைனா செக்குக்குத் திரும்பிப் பறந்தது. கூடை கழலும் சாயங்காலம் வரை மயிலை தாங்குமா? இன்று தாங்கினாலும் நாளை?

அன்று சாயங்காலம் கரடி கூடையை மட்டும்தான் கழற்றியது, செக்கின் கட்டை அவிழ்க்கவில்லை. மறுநாள் எண்ணெய் ஊற்றும் நாள். யானைக்கு முட்டிவலி, குரங்குக்குச் சேற்றுப்புண், முயலுக்குக் காதில் குடைச்சல். ஆளுக்கொரு சுரைக்குடுக்கையோடு செக்கின் முன்னால் வரிசையில் நின்றன. மைனாவும் பழக்கத்தில் காலையிலேயே தன் குடுக்கையை வரிசையில் வைத்திருந்தது. பிடரிக்கு எண்ணெய் வாங்க ராஜாவே வந்தது.

பொழுது உச்சிக்கு ஏறியது. செக்கு நிற்கவில்லை.

மைனா சிங்கத்தின் முகத்துக்கு நேராகப் போய்ப் படபடத்தது. “மயிலை வர முடியாது ராஜா. நீங்களே வந்திருக்கிறீர்கள். இங்கேயே கேளுங்கள்!”

சிங்கம் நரியைப் பார்த்தது. “கேள்” என்றது.

கரடி செக்கை நிறுத்தியது. நரி களிமண் பலகையை எடுத்து வரச் செய்து ராஜாவின் முன்னால் வைத்தது. பிறகு மயிலையின் எதிரில் போய் நின்றது. “மயிலை, உனக்குக் குறை உண்டா?”

கூடைக்குள்ளிருந்து ஒரு முனகல் வந்தது.

“விளங்கவில்லை. இரண்டாம் முறை கேட்கிறேன். குறை உண்டா?”

மயிலை தலையை இப்படியும் அப்படியும் உதறியது. முடிச்சு கழலவில்லை.

“இல்லை என்று ஆட்டுகிறது” என்றது கரடி.

“கூடையைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள்” என்றது மைனா.

“கழற்றச் சொல்லி மாடு முறையிட்டதா?”

“கூடை இருக்கும்போது எப்படி ஐயா முறையிடும்?”

“ஆக, முறையிடவில்லை” என்ற நரி மறுபடி மயிலையிடம் திரும்பியது. “மூன்றாம் முறை. குறை உண்டா?”

மயிலையின் முன்னங்கால்கள் மடிந்தன. முட்டி இரண்டும் புழுதியில் இடித்தன.

“பாருங்கள் ராஜா, மண்டியிட்டு வணங்குகிறது” என்றது நரி. “குறை ஒன்றும் இல்லை.”

சிங்கம் மயிலையைப் பார்த்தது. பிறகு பலகையில் பதிந்திருந்த தன் பாதத்தைப் பார்த்தது. “நான் பதித்ததை நானே மீற முடியாது” என்றது. எண்ணெயை வாங்கிக்கொண்டு புதருக்குள் மறைந்தது. நரியும் பின்னாலேயே போனது.

மயிலை எழவில்லை. அதன் விலா ஏறி ஏறி இறங்கியது.

மைனா அதன் கழுத்தில் போய் உட்கார்ந்து முடிச்சைக் கொத்தியது. கொத்திக்கொண்டே இருந்தது. ஒரு நார் பிரிந்தது. அதற்குள் அலகின் ஓரத்தில் ரத்தம் கசிந்துவிட்டது. உள்ளே இன்னும் ஏழெட்டு நார்கள் இருந்தன.

“கொஞ்சம் பொறு தம்பி” என்றது மைனா. மயிலையின் காது ஒரு முறை அசைந்தது.

மைனா நிமிர்ந்து வரிசையைப் பார்த்தது. குரங்குக்கு விரல்கள் இருந்தன. யானைக்குத் துதிக்கை இருந்தது. முயலுக்குக் கூரான பற்கள் இருந்தன. வரிசைக் கடைசியில் ஆமை தலையை வெளியே நீட்டவே இல்லை. கரடி அகப்பையை எடுத்து முதல் குடுக்கையில் எண்ணெய் ஊற்றத் தொடங்கியது.

“யாராவது வாருங்கள்” என்றது மைனா. “ஒரே ஒரு முடிச்சுதான்.”

வரிசை ஓர் அடி முன்னால் நகர்ந்தது.

பேச முடியாதவரைக் காக்கச் சட்டம் கேட்பவர்கள், அவருக்காகப் பிறர் பேசலாம் என்ற வரியை மண் ஈரமாக இருக்கும்போதே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.