வாசற்படிச் சங்கு

அரியலூர்ப் பக்கம், குவாரிக் கல்லில் கட்டிய ஒரு சர்ச். அதன் வாசற்படியில் ஒரு கடற்சங்கு கல்லோடு கல்லாய் இறுகிக் கிடந்தது. சர்ச்சில் கூட்டிப் பெருக்குகிற சலோமி அதைப் பிள்ளைகளிடம் காட்டி, "பல கோடி வருஷத்துக்கு முன்னால இங்க கடல் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டாள்.

விஷயம் பாஸ்டர் எசேக்கியேல் காதுக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை சபைக்கு முன்னால் அவளை நிறுத்தினார்.

"பூமிக்கு வயசே ஆறாயிரம்தான். பொய் சொன்னேன்னு முழங்கால் போட்டு மன்னிப்புக் கேள். இல்லன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

"கல்லுக்குள்ள சங்கு எப்படிங்கய்யா வந்துச்சு?"

"படைக்கும்போதே பழசாத் தெரியிற மாதிரி கர்த்தர் படைச்சு வெச்சார்."

"பார்க்கிறவங்க பழசுன்னு நினைக்கணும்னேவா?"

"ஆமா" என்று அதட்டினார்.

"அவர் நினைக்க வெச்சதைத்தான் நானும் நினைச்சேன். அதுல பொய் இருந்தா அது என்னுது இல்ல. யாருதுன்னு நீங்களே மைக்கில சொல்லுங்க. அப்புறம் நான் முழங்கால் போடுறேன்."

பாஸ்டர் மைக்கைப் பார்த்தார். சபை பாஸ்டரைப் பார்த்தது.

"ஜெபம் பண்ணுவோம்" என்றார் அவசரமாக.

அன்றைக்கு முதலில் முழங்கால் போட்டவர் அவர்தான்.