உரித்தெடுத்த சுவர்ச் சித்திரம்

இத்தாலியில் ஓர் ஆற்றங்கரையில் ஒரு பிரபுவின் அரண்மனை இருந்தது. பிரபுக்கள் தலைமுறை தலைமுறையாகத் தின்று கொழுத்த கூடத்தின் சுவரில் ஒரு புராணச் சித்திரம். ஓர்ஃபியூஸ் என்ற பாடகன் செத்துப்போன மனைவியைப் பாதாளத்திலிருந்து அழைத்து வருகிறான். வெளியே வந்து சேரும்வரை அவளைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது நிபந்தனை. பாவி மனிதன், கடைசிப் படியில் திரும்பி அவளை மறுபடி இழந்துவிட்டான்.

ஆற்றின் ஈரம் அந்தச் சுவரைத் தின்றுகொண்டிருந்தது. மழைக்கு முன் சித்திரத்தை உரித்தெடுக்காவிட்டால் அதுவும் மண்ணோடு மண்தான்.

இப்படி உரிப்பதில் எர்கோலே என்பவரை மிஞ்ச ஆள் கிடையாது. சித்திரத்தின் மேல் பசை தடவித் துணியை ஒட்டுவார். காய்ந்ததும் துணியைக் கீழிருந்து மேலாக இழுப்பார். வண்ணம் தோல் மாதிரி துணியோடு வந்துவிடும். தொடங்கினால் நிறுத்தக் கூடாது. வண்ணம் வருகிறதா என்று துணியைப் புரட்டிப் பார்க்கவும் கூடாது. புரட்டிய இடத்தில் கிழிந்துவிடும்.

அவருடைய சீடன் தாதேயோவுக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. பதினோரு வருஷம் பசை காய்ச்சியதுதான் கண்ட பலன்.

"குருவே, என்னை எப்போது இழுக்க விடுவீர்கள்?"

"இதை இழு. முழுசாக வந்தால் நாளை முதல் நீயும் குரு."

தாதேயோவுக்குத் தலைகால் புரியவில்லை. "பயப்படாதீர்கள். நான் இந்தப் பாட்டுக்காரனைப் போல அவசரக்காரன் இல்லை" என்றான்.

எர்கோலே சிரிக்கவில்லை.

தாதேயோ பன்னிரண்டு நாள் துணி ஒட்டினான். அந்தப் பெண்ணின் முகத்தைக் கடைசிவரை ஒட்டாமல் விட்டு வைத்திருந்தான். அதை மூடியபோது அவனுக்கு மனசே வரவில்லை.

இழுக்கும் நாள் வந்தது. பாதம் வந்தது, ஆடை வந்தது, நீட்டிய கை வந்தது. அடுத்தது முகம். அவள் வந்துவிட்டாளா? துணியின் ஓரத்தை இம்மியளவுதான் புரட்டினான்.

படக்கென்று ஒரு சத்தம். பாதி முகம் துணியில் இருந்தது. மீதி சுவரிலிருந்து பொடிப் பொடியாக அவன் சட்டையில் உதிர்ந்தது.

எர்கோலே வந்து துணியை வாங்கி, மிச்சத்தை ஒரே இழுப்பில் எடுத்து முடித்தார். பிறகு கை கழுவப் போனார். தாதேயோ பின்னாலேயே போனான். அவனுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"வந்தாளா இல்லையா என்று தெரியாமல் எப்படி இழுப்பது?"

"தெரியாமல்தான்."

"நீங்கள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லையா?"

"இல்லை." விரலிடுக்கில் ஒட்டிய பசையைத் தேய்த்தபடியே சொன்னார். "என் மனைவி சாகக் கிடந்த அன்று ஒரு பெரிய தேவாலயச் சுவரை உரித்துக்கொண்டிருந்தேன். என் மைத்துனன் மூன்று தடவை வாசலில் வந்து நின்று கூப்பிட்டான். துணி பாதியில் இருந்தது."

"அப்புறம்?"

"படம் முழுசாக வந்தது. ஒரு கீறல் கிடையாது."