அட்டவணை ‘இடமில்லை’ சொல்லக் கற்ற கதை

அந்தக் காலத்தில் கணினிக்குள் இருப்பவை எல்லாம் வாய்திறந்து பேசும். கடலோரத்தில் ஓர் அலை அளவு நிலையம் இருந்தது. அங்கே வேலை பார்த்தவள் மரியபுஷ்பம். அவளுடைய கணினியில் இரண்டு பேர் குடியிருந்தார்கள். வட்டு, அளவுகளைத் தன் அறைகளில் வைத்துக்கொள்ளும். அட்டவணை, எந்த அளவு எந்த அறையில் என்று எண் போட்டு நினைவில் வைக்கும்.

முதல் நாளே அட்டவணை கேட்டது. “எண்ணுக்கு எத்தனை இலக்கம் தருவீர்கள்?”

“நான்கு போதும். வட்டில் இருப்பதே ஐந்நூறு அறை. உனக்கோ 9999 வரை எண்ண வரும்” என்றாள் புஷ்பம். பிறகு 0000 என்ற சுழி எண் அறையில், ஊரைப் புரட்டிப்போட்ட பெரும்புயலின் கடல்மட்டத்தை முதலாவதாக வைத்தாள்.

வருடங்கள் ஓடின. வட்டு வளர்ந்தது. இரண்டாயிரம் அறை, எட்டாயிரம் அறை, கடைசியில் நாற்பதாயிரம் அறை. இலக்கம் மட்டும் நான்காகவே நின்றது. புஷ்பத்துக்கு அது தோன்றவே இல்லை.

ஒரு நாள் காலை கடல் அடங்கிக் கிடந்தது. மதியத்துக்குள் வானம் கறுத்தது. மீனவர் தெருவிலிருந்து லூர்து போனில் கூப்பிட்டான்.

“அக்கா, பெரும்புயல் மாதிரியே வருதுன்னு ரேடியோல சொல்றான். அப்ப தண்ணி எவ்வளவு ஏறுச்சு? நாங்க இருக்கலாமா, கிளம்பணுமா?”

புஷ்பம் அட்டவணையிடம் கேட்டாள். அது உடனே சொன்னது: “ஒன்றரை அடி.”

அவளுக்கு எங்கோ உதைத்தது. அந்தப் புயலில் ஐஸ் கம்பெனியின் ஜன்னல் மூழ்கியதை அவளே கண்ணால் பார்த்திருக்கிறாள்.

“ஒன்றரை அடி இன்று காலை அளவு. அதை எங்கே வைத்தாய்?”

அட்டவணை தயங்கியது. “9999 வரை எல்லாம் நிரம்பிவிட்டது. பத்தாயிரம் எழுத ஐந்து இலக்கம் வேண்டும். அதில் முன்னால் இருந்த 1 என்ற இலக்கத்தை விட்டுவிட்டேன். மிச்சம் நான்கு சுழி. அதனால் சுழி அறையில் வைத்தேன்.”

“என்னிடம் முப்பதாயிரம் அறை சும்மா கிடந்ததே” என்றது வட்டு.

“அந்த அறைகளைச் சொல்ல என்னிடம் எண் இல்லை. இடமில்லை என்று சொன்னால் அக்காவின் வேலை நின்றுவிடுமே என்று பயந்தேன்.”

புஷ்பம் திட்டவில்லை. நான்கு போதும் என்றது அவள்தான். போனை எடுத்தாள்.

“லூர்து, ஒருத்தர் விடாமல் கோயில் மேட்டுக்குக் கூட்டிப்போ. அளவு கேட்காதே, கிளம்பு.”

சாயங்காலம் மீனவர் தெருவில் கூரை மட்டும்தான் வெளியே தெரிந்தது. மேட்டில் எல்லாரும் உயிரோடு இருந்தார்கள். பெரும்புயலின் அளவு மட்டும் போனது போனதுதான்.

தண்ணீர் வடிந்ததும் புஷ்பம் கணினி முன் உட்கார்ந்தாள்.

“ஐந்து இலக்கம் தருவீர்களா?” என்றது அட்டவணை.

“இருபது.”

வட்டு சிரித்தது. “அத்தனை அறைக்கு நான் எங்கே போவேன்?”

“நீ வளர்ந்துகொண்டேதான் இருப்பாய். உன்னை நான் பார்த்துவிட்டேன்.”

“அதுவும் தீர்ந்துபோனால்?” என்று அட்டவணை கேட்டது.

“அங்கேயே நின்றுவிடு. இடமில்லை என்று என் முகத்துக்கு நேராகச் சொல். என் வேலை நின்றால் நான் பார்த்துக்கொள்கிறேன்.”

அன்று முதல்தான், எண் தீர்ந்துவிட்டால், வட்டில் பாதி காலியாகக் கிடந்தாலும், கணினி ‘இடமில்லை’ என்று சொல்லி நின்றுவிடுகிறது. ஏற்கெனவே ஒன்று இருக்கும் அறையில் இன்னொன்றைக் கொண்டுபோய் வைப்பதில்லை.