குண்டுமலைக்கு இடம் விடாத ஊர்

மலைக்கெல்லாம் இறக்கை இருந்த காலத்துல, ஒரே ஒரு ஊர்ல, பூவாயின்னு ஒருத்தி இருந்தாளாம். ஆமா, இறக்கைதான். சிரிக்காதீங்க. கழுகுக்கு இருக்கிற மாதிரியேதான், ஆனா ஒரு இறக்கையே ஒன்பது ஏரி அகலம். மலைங்க நெனச்சா எழும்பும், நெனச்சா உக்காரும்.

அந்த ஊருக்குன்னு ஒரு மலை இருந்துச்சு. உசரம் கம்மி, வயிறு பெருசு, அதனால குண்டுமலைன்னு பேரு. அதோட சுனைத் தண்ணிதான் ஊர் ஏரியில நெறயும். ஊர் ஆடெல்லாம் அதோட மடியிலதான் மேயும். ஆனா சித்திரை வெயில் மட்டும் அதுக்குத் தாங்காது. "போயிட்டு வரேன் பிள்ளைங்களா"ன்னு சொல்லிட்டுக் கிளம்பி, கடலுக்குப் போய் நாலு மாசம் நல்லாக் குளிச்சுட்டு, ஆடிக் கடைசியில திரும்பி வரும்.

வந்த உடனே பொத்துன்னு உக்காந்துடாது. கீழ ஒரு எறும்பு இருந்தாக்கூட நசுங்கிடுமேன்னு அதுக்குப் பயம். அதனால ஊர்ல ஒரு வழக்கம். மலை இருந்த இடத்துல யாரும் வீடு கட்டக் கூடாது, ஏர் ஓட்டக் கூடாது. ஆடி பொறந்துட்டா பூவாயி அந்த இடம் முழுக்கக் கைதட்டிக்கிட்டே நடப்பா. முயலை விரட்டுவா, காடைக் கூட்டை முட்டையோட தூக்கி வேலியோரம் வெப்பா, பாம்பைப் பார்த்தா "போ ராசா, மலை வருது"ம்பா. எல்லாம் போனதும் நாலு மூலையிலயும் நெருப்பு மூட்டி, பச்சை வேப்பந்தழையை அள்ளிப் போடுவா. புகை மேல போகும். கீழ ஒரு உசிரும் இல்லைன்னு மலைக்குத் தெரிஞ்சுடும். புகை இல்லாத இடத்துல செத்தாலும் அது உக்காராது.

அந்த ஊர்த்தலைவன் பேரு சடையாண்டி. ஒரு வருசம் மலை கிளம்பிப் போனதும் அவன் வந்து மண்ணை அள்ளிப் பார்த்தான். மலை உக்காந்து எழுந்த மண்ணு, கறுப்பா, வெண்ணெய் மாதிரி மெத்துன்னு இருந்துச்சு. அவ்வளவுதான், ஏர் ஓட்டினான், கம்பு விதைச்சான், நடுவுல ஒரு வீட்டையும் கட்டிட்டான். ஊர்க்காரங்க கேக்கலையான்னா, தலைவனாச்சே, யாரு கேப்பா?

ஆடி பொறந்ததும் பூவாயியைக் கூப்பிட்டான். "ஏ பூவாயி, இந்த வருசம் புகை போடாத."

"அய்யய்யோ, அப்ப மலை எங்கங்க உக்காரும்?"

"இறக்கை இருக்கில்ல, நாலு ஊர் போய்ப் பார்த்துக்கும். நீயா அதைத் தூக்கிச் சுமக்கப் போற? வடக்கு மூலையில விளையறது உனக்கு. உன் வீட்டு உலையில என்ன கொதிக்குதுன்னு எனக்குத் தெரியாதா?"

அவ வீட்டு உலையில வெறும் தண்ணிதான் கொதிச்சுது. சுத்தி ரெண்டு பிள்ளைங்க. தலையை ஆட்டிட்டா. அவளைத் திட்டாதீங்க, திட்டறதுக்கு எனக்கும் வாய் வருது, ஆனா வெறும் உலை மூட்டினவளுக்குத்தான் அது தெரியும்.

இது இப்படி இருக்கையில, மேல தேவலோகத்துல ஒரே ரகளை. எங்கியோ ஒரு பெரிய மலை, புகையும் பார்க்காம ஒண்ணும் பார்க்காம, ரிஷிங்க யாகம் பண்ற இடத்துல போய் உக்காந்துடுச்சு. தேவேந்திரனுக்கு வந்துதே கோவம்! இடி இடிச்சு, உலகத்துக்கெல்லாம் கேக்கிற மாதிரி சொல்லிட்டான். "ஆடி முடியறதுக்குள்ள அவங்கவங்க இடத்துல உக்காந்துட்ட மலையை ஒண்ணும் செய்ய மாட்டேன். அதுக்கப்புறம் வானத்துல ஒண்ணைப் பார்த்தேன், வஜ்ராயுதத்தால இறக்கையை வெட்டிடுவேன்."

பூவாயி காதுலயும் அது விழுந்துச்சு. முத நாள் தழை ஒடிக்கக் கிளம்பினா, பிள்ளைங்க முகத்தைப் பார்த்தா, திரும்பிட்டா. ரெண்டாம் நாள் வாசல் வரைக்கும் போனா, திரும்பிட்டா. மூணாம் நாள் வரப்பு வரைக்கும் போனா, கம்பு கதிர் விட்டிருந்துச்சு, பார்த்தா, திரும்பிட்டா.

ஆடி கடைசி நாள். வெயில் சாயற நேரம். மேல பெரிய நிழல். உப்புத்தண்ணி சொட்டச் சொட்டக் குண்டுமலை வந்துடுச்சு. அதைப் பார்த்ததும் பூவாயிக்குக் கம்பும் மறந்துச்சு, பசியும் மறந்துச்சு. கைக்கு எட்டின வேப்பந்தழையை ஒடிச்சுக் கட்டித் தூக்கிக்கிட்டு ஓடினா. ஓடினா என்ன பண்றது, சடையாண்டி கம்புக்கு நடுவுல கட்டின அந்த வீட்டுக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டான்.

"வெளிய வாங்க, மலை வந்துடுச்சு!"

"வரட்டுமே. ஆள் இருக்கிற வீட்டு மேல அது உக்காராது. அதோட குணம் எனக்குத் தெரியாதா?"

மேலேருந்து மலை கேட்டுச்சு, "பூவாயி, புகையைக் காணோமே?"

"உள்ள ஆள் இருக்காரு!"

"அப்படியா, வரட்டும். நான் ஒரு சுத்து சுத்திட்டு வரேன்."

சுத்திட்டு வந்துச்சு. "வந்துட்டாரா?"

"இன்னும் இல்ல!"

"சரி, இன்னொரு சுத்து."

பூவாயி கதவைத் தட்டித் தட்டிக் கை வீங்கிப்போச்சு. "அய்யா, பொழுது போகுது, உங்க காலைப் பிடிக்கிறேன்!" உள்ளேருந்து சிரிப்புதான் வந்துச்சு.

மூணாவது சுத்து வந்துச்சு. "பூவாயி, இறக்கை வலிக்குது. பாவம், தூங்கறாரு போல. மெதுவா எழுப்பு."

"ஆமா, தூங்கறேன்னே சொல்லு!"ன்னான் சடையாண்டி.

என்ன, கடலுக்கே திரும்பிப் போகலாமேங்கறியா? அவ்வளவு தூரம் போக அதுக்குத் தெம்பு இல்லடா. பக்கத்துலயும் எங்க பார்த்தாலும் வீடும் வயலும்தான். உக்காரச் சொல்லிப் புகை போட ஒருத்தருமில்ல.

பொழுது இறங்கிச்சு. ஐராவதம்னு ஒரு வெள்ளை யானை, அது மேல தேவேந்திரன். குண்டுமலையைப் பார்த்தான். யாரு, எவரு, ஏன் இன்னும் உக்காரலைன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேக்கலை. வஜ்ராயுதத்தை வீசினான். ரெண்டு இறக்கையும் போச்சு.

பறக்கிற மலை இடம் பார்த்து உக்காரும். விழற மலை எதைப் பார்க்கும்? தாழ்ப்பாள் திறக்கிற சத்தம் மட்டும் பூவாயிக்குக் கேட்டுச்சு. அதுக்கப்புறம் வீடும் இல்ல, கம்பும் இல்ல, சடையாண்டியும் இல்ல. பூவாயியை, மலை விழும்போது கிளம்பின காத்தும் தூசியும்தான் முன்னாடியே தூக்கி வரப்புக்கு அந்தாண்ட போட்டுச்சு.

தூசி அடங்குச்சு. மலை மூச்சு விட முடியாம, மெதுவாக் கேட்டுச்சு. "பூவாயி... அவரு வெளிய வந்துட்டாரா?"

பூவாயி எழுந்து கிட்ட வந்தா. மலை மேல கையை வெச்சுச் சொன்னா, "வந்துட்டாருப்பா. கம்பு போச்சேன்னு திட்டிக்கிட்டு நிக்கிறாரு."

"அப்ப சரி"ன்னுச்சு மலை.

அதுதான் மலை கடைசியாப் பேசின பேச்சு. அதைப் பார்த்துப் பயந்து மத்த மலைங்களும் இறக்கையை மண்ணுக்குள்ள மடக்கிக்கிச்சு, அன்னியிலேருந்து எந்த மலையும் பறக்கலை, எந்த மலையும் பேசலை. வெட்டின ரெண்டு இறக்கையும் மேகமாப் போச்சு. ஐப்பசியானா மலையைத் தேடி வந்து தோள்ல ஒட்டிப் பார்க்கும், ஒட்டாது, அழுதுட்டுப் போகும். அதைத்தான் நாம மழைங்கறோம்.

பூவாயி சொன்னது பொய்தானேன்னு கேக்கறீங்களா? பொய்தான். அந்தப் பொய்யை நான் மன்னிச்சுட்டேன். மூணு நாள் போய்ப் போய்த் திரும்பினாளே, அதுதான் எனக்கு இன்னும் ஆறலை. ஒரே ஒரு நாள் வரப்பைத் தாண்டி, ஊரைக் கூட்டிச் சத்தம் போட்டிருந்தா, அவனும் பிழைச்சிருப்பான், மலைக்கும் இறக்கை மிஞ்சியிருக்கும்.

நல்ல குணம் இருக்கிறவங்க தலையில ஏறி உக்காரக் கூடாது கண்ணுங்களா. உக்காந்தவன் அடியில போயிட்டான். மலையும் உக்காந்தாச்சு, கதையும் உக்காந்தாச்சு, நீங்க படுங்க.