குதிரைகள் தோண்டிய ஊற்று

கடலோரத்தில் வெண்மணல் நாடு என்று ஒரு நாடு இருந்த காலம் அது. அதை ஆண்ட விசயாங்கன் நல்லவன்தான். ஆனால் காலையில் ஒன்று சொல்வான், மாலையில் வேறொன்று சொல்வான்.

ஒரு கடுங்கோடையில் மந்தை அதிகாரி தாண்டவராயர் அவைக்கு வந்தார். ஊர்ப் பொதுப் புல்வெளியை அவர் முள்வேலி போட்டு வளைத்து, தம்முடைய இரண்டாயிரம் மாடுகளை உள்ளே விட்டிருந்தார்.

"அரசே, அந்தப் புல்வெளியை எனக்கே கொடுத்துவிடுங்கள். அங்கே திரிந்த நாற்பது காட்டுக்குதிரைகளையும் கொன்றுவிடுங்கள். ஏர் இழுக்காது, தேர் இழுக்காது. தின்பது மட்டும்தான் வேலை."

"அவற்றைத்தான் வேலிக்கு வெளியே துரத்திவிட்டீரே?" என்றார் அமைச்சர் கொற்றனார்.

"துரத்தினேன். குளம் வேலிக்குள்ளே இருக்கிறது. இருபது நாளாக அவற்றுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஒன்றாவது செத்ததா? வறண்ட ஆற்றில் நின்று என்னையே முறைக்கின்றன!"

அவை சிரித்தது. கொற்றனார் மட்டும் சிரிக்கவில்லை.

"இருபது நாளா?"

"எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன், அமைச்சரே."

"அப்படியானால் அரசே, நிலத்தை முறைப்படி கொடுங்கள். நாளை பிடி நடக்கட்டும்."

பிடி என்றால் பெண் யானை. அந்த நாட்டில் நிலம் கொடுக்கும்போது அரசன் பிடியின் மேல் அமர்ந்து எல்லையைச் சுற்றி வருவான். நிலம் பெறுகிறவர் கூடவே நடப்பார். சுற்று முடியும்வரை அந்த நிலத்தின் தண்ணீரைத்தான் குடிக்கலாம். பெறுகிறவர் வெளித் தண்ணீரைக் குடித்தால் கொடை செல்லாது.

"நடக்கட்டும்" என்றான் அரசன். "வில்லாளிகள் ஆற்றில் காத்திருக்கட்டும். உச்சிவேளையில் அம்பு பறக்கும். இதெல்லாம் வீண் அலைச்சல் என்று தெரிந்தால், அமைச்சரே, உம் முத்திரை மோதிரம் தாண்டவராயருக்கு!"

"இப்போதே விரலைக் கழுவி வைக்கிறேன்" என்றார் தாண்டவராயர்.

மறுநாள் விடிந்ததும் பிடி நடந்தது. வெயில் ஏறியது. அரசனின் நாக்கு ஒட்டிக்கொண்டது. "குளம் எங்கே?" என்றான்.

குளம் சேறாகக் கிடந்தது. இரண்டாயிரம் மாடுகளும் குடித்து, மிதித்து, கலக்கியிருந்தன. கன்றுகள் கத்தின.

பிடி துதிக்கையைத் தூக்கிக் காற்றை மோந்தது. பாகன் அதட்டியும் கேட்கவில்லை. முள்வேலியை முறித்துக்கொண்டு ஆற்றுக்குள் இறங்கியது.

அங்கே வில்லாளிகள் நாணை இழுத்து நின்றார்கள். சூரியன் உச்சிக்கு வந்துவிட்டது. எதிரே குதிரைகள் ஓடாமல் நின்றன. செம்மண் நிறப் பெண் குதிரை ஒன்று மட்டும் குனிந்து, முன்னங்குளம்பால் மணலைப் பறித்துக்கொண்டே இருந்தது. ஒரு முழ ஆழம். பள்ளத்தின் அடியில் ஏதோ பளபளத்தது.

தண்ணீர்!

"நிறுத்துங்கள்!" என்று கத்த நினைத்தான் அரசன். வறண்ட தொண்டையிலிருந்து குரல் வரவில்லை. வில்லாளிகள் குறி பார்த்தார்கள். அரசன் இரு கைகளையும் உயர்த்தி வீசினான். நாண்கள் தளர்ந்தன.

அதற்குள் ஒருவர் யானையையும் முந்திக்கொண்டு ஓடி, குதிரைகள் முன்பே தோண்டியிருந்த இன்னொரு பள்ளத்தில் முகத்தைக் கவிழ்த்து மடமடவென்று குடித்தார்.

கொற்றனார் மெல்ல அருகில் போனார். "தாண்டவராயரே, இது எந்த நிலத்துத் தண்ணீர்?"

தாண்டவராயர் நிமிர்ந்தார். தாடையிலிருந்து தண்ணீர் சொட்டியது. வேலி அவருக்குப் பின்னால் இருந்தது.

அரசனும் இறங்கிக் குடித்தான். குரல் திரும்பியது. "கொடை செல்லாது. புல்வெளி பழையபடி எல்லோருக்கும், குதிரைகளுக்கும். அமைச்சரே, இங்கே ஊற்று இருப்பது உமக்கு முன்பே தெரியுமா?"

"தெரியாது அரசே. இருபது நாள் சாகாத குதிரை எங்கேயோ குடிக்கிறது என்பது மட்டும் தெரியும். அந்த இடத்தைப் பிடி மோந்துவிடும் என்று நம்பினேன்."

அரசன் தன் முத்துமாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டான். பிறகு தாண்டவராயரிடம் திரும்பினான்.

"வேலியை உம் கையாலேயே பிடுங்கும். கடைசி முள் போகும்வரை இந்த ஊற்றில்தான் உமக்குத் தண்ணீர்."

"உத்தரவு, அரசே."

"குதிரைகள் குடித்த பிறகு."

வேலியைப் பிடுங்கி முடிக்கப் பதினோரு நாள் ஆயிற்று. தாகம் எடுத்தபோதெல்லாம் தாண்டவராயர் நாற்பது குதிரைகளுக்குப் பின்னால் நின்று, தம் முறைக்காகக் காத்திருந்தார்.