'பருந்து' என்று கூவிய காகம்

மரங்களுக்குப் பதில் கட்டடங்கள் வளர்ந்து நின்ற ஒரு காட்டில், குழந்தைகளே, ஒரு மணிக்கூண்டு இருந்தது. காலையில் பேருந்தைப் பிடிக்க ஓடுகிறவர்கள் அதன் அடியில் கம்பும் சோளமும் வீசிவிட்டுப் போவார்கள். புறாக்கள் கூட்டமாக இறங்கும். குப்பை வண்டி வந்து எல்லாவற்றையும் கூட்டி அள்ளுவதற்குள் தின்றாக வேண்டும்.

அந்தக் கூட்டத்தில் பவளக்காலி என்றொரு புறா. கடிகாரத்துக்குப் பின்னால் இருந்த பொந்தில் அவளுக்கு இரண்டு குஞ்சுகள். அவள் வயிறு நிறைந்தால்தான் அவற்றுக்குக் கக்கி ஊட்ட முடியும்.

நாலு தானிய மணி கொத்தியிருப்பாள். "பருந்து! பருந்து!" என்று கத்தியது ஒரு காகம்.

கூட்டம் படபடவென்று எழும்பி மணிக்கூண்டைச் சுற்றியது. இறங்கியதும் மறுபடி, "பருந்து!" மறுபடி எழும்பின. நேற்றும் இதே கதைதான். குஞ்சுகள் பசியில் கத்திக்கொண்டே கிடந்தன.

"அக்கா, அந்தப் பருந்தை நீங்கள் பார்த்தீர்களா?" என்று பக்கத்துப் புறாவிடம் கேட்டாள்.

"பார்க்கிற வரை நின்றால் உயிர் மிஞ்சுமா, அடி பைத்தியமே?"

பவளக்காலிக்கு இருப்புக்கொள்ளவில்லை. 'நானும் பார்க்கவில்லையே, பிறகு எதற்கு ஓடுகிறேன்? ஆனால் நின்று, அது நிஜமாகவே வந்துவிட்டால்? குஞ்சுகளுக்கு யார் இருக்கிறார்கள்?'

தெருமுனையில் குப்பை வண்டி திரும்பியது.

"பருந்து! பருந்து!"

கூட்டம் எழும்பியது. அவளுக்கும் சிறகு பாதி விரிந்துவிட்டது. ஆனால் இம்முறை அவள் வானத்தைப் பார்க்கவில்லை, காகத்தைப் பார்த்தாள். அது வெட்டவெளியில், தானியத்தின் நடுவே நின்று அவசர அவசரமாக விழுங்கிக்கொண்டிருந்தது.

அவள் சிறகை மடக்கினாள்.

"ஏய், சாகப் போகிறாய்! ஓடு!" என்று அதட்டியது காகம்.

"பயமாகத்தான் இருக்கிறது, காக்கை அண்ணா. நீங்கள் ஏன் இன்னும் ஓடவில்லை?"

காகத்தின் தொண்டையில் சோளம் நின்றது.

அவள் விறுவிறுவென்று கொத்தினாள். மேலே கூட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. வண்டி வந்து நின்றபோது அவள் பொந்துக்குப் போய்விட்டாள். இரண்டு சின்ன அலகுகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு அவள் வாய்க்குள் நுழைந்தன.

நீதி: ஆபத்து என்று கூவுகிறவர் தாமும் ஓடுகிறாரா என்று பார்த்துவிட்டு ஓடு.