நனையாத மஞ்சள்

"அம்மா, என் சரக்கை ஏத்த ஒரு லாரியும் வர மாட்டேங்குது" என்றார் நாச்சிமுத்து.

மலையேறும் ரோடு தொடங்கும் இடத்தில் இருக்கிறது அந்த மடம். லாரிக்காரர்கள் அங்கே வண்டியை ஓரங்கட்டிக் கஞ்சி குடித்துவிட்டுத்தான் மேலே ஏறுவார்கள்.

மடத்தை நடத்தும் அம்மாவுக்கு நாற்பது வயதுகூட இருக்காது. மஞ்சள் வியாபாரி நாச்சிமுத்து அறுபதைத் தாண்டியவர். ஆனாலும் அவருக்கு அம்மாதான் குரு. வரும்போதெல்லாம் ஒரு மூட்டை மஞ்சள் கொண்டுவருவார். அதை விற்று மடத்துக்கு அரிசி வாங்குவார்கள்.

இன்றும் கொண்டுவந்திருந்தார். மூட்டை முற்றத்தில் கிடந்தது. அதன் பக்கத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். கொட்டகையில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த டிரைவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"ஏன் வர மாட்டேங்கறாங்க?" என்றார் அம்மா.

"தெரியலீங்க. கிடங்கு நிறைய மூட்டை. இன்னும் பத்து நாள் போனா வண்டு விழுந்துரும். வியாபாரமே படுத்துரும். நீங்க ஒரு வார்த்தை சொன்னா இவங்க கேப்பாங்க."

கொட்டகையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"மஞ்ச மொதலாளி வந்திருக்காருடா. பாத்துத் தண்ணி ஊத்துங்க, மூட்டை மேல தெறிச்சிரப் போகுது."

சிரித்தார்கள். நாச்சிமுத்து திரும்பவில்லை.

"போன மாசம் லாரி கவுந்துச்சே, அதைச் சொல்லுங்கய்யா" என்றார் அம்மா.

"அதுல நான் ஒரு தப்பும் பண்ணலீங்கம்மா."

"தப்புன்னு நான் சொல்லலையே."

நாச்சிமுத்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அதுக்கு முந்தியே ஒருக்கா கவுந்துச்சுங்க. அப்போ, இன்சூரன்ஸ்தான் இருக்குதேன்னு கையைக் கட்டிட்டு நின்னேன். மழையில அத்தனை மூட்டையும் நனைஞ்சு பூசணம் பூத்துப் போச்சு. கம்பெனியில இருந்து ஒருத்தன் வந்தான். கவுந்து சிந்துனதுக்குத் தருவோம், நனைஞ்சதுக்குத் தர மாட்டோம்னான். ஏன்டான்னா, நீங்க காப்பாத்தப் பாக்கலையேங்கறான்."

"அப்படியா?"

"பாலிசியிலயே இருக்குதாம். சரக்குக்கு ஆபத்துன்னா, இன்சூரன்ஸே இல்லாதவன் எப்படிப் பதறிக் காப்பாத்துவானோ, அப்படிக் காப்பாத்தணுமாம். பணம் கட்டறப்போ ஒருத்தனும் இதைச் சொல்லலை. அந்த ஆளு மூஞ்சியை நான் சாகறமட்டும் மறக்க மாட்டேன்."

"இந்தத் தடவை?"

"இந்தத் தடவை நானே லாரியில கூடப் போனேன். வளைவுல ரோடு வழுக்கி வண்டி சாஞ்சிருச்சு. எனக்கு ஒண்ணும் ஆகலை. மூட்டையெல்லாம் ரோட்டுல. மேகம் கருத்துக்கிட்டு வருது. விடுவனா? இந்த வயசுல ஒத்தை ஆளா மூட்டைகளை இழுத்து ஒண்ணா சேத்தேன். தார்ப்பாயைப் போட்டு மூடி, கயிறு கட்டி முடிச்சுப் போட்டேன். ஒரு மூட்டைகூட நனையலை. இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து பாத்துட்டு, இப்படி ஒரு ஆளைப் பாத்ததே இல்லைன்னு கை குடுத்தாரு. சிந்துனதுக்கு முழுசாப் பணம் வந்துருச்சு."

"வண்டி ஓட்டினது யாரு?"

"மாதேசன்னு ஒருத்தன்."

"அவன் என்ன பண்ணினான்?"

நாச்சிமுத்து மூட்டையின் தையலை விரலால் தடவினார்.

"கால் ஒடிஞ்சு போச்சுங்க. ரோட்டோரமா கிடந்தான்."

"மழையிலயா?"

"தார்ப்பாய் ஒண்ணுதானுங்க இருந்துச்சு."

நாச்சிமுத்துவே தொடர்ந்தார். குரல் இறங்கியிருந்தது.

"மொதலாளி, குளிருதுங்கன்னான். நான் என்ன பண்றது? ஆஸ்பத்திரிக்குத்தான் போன் போட்டுச் சொல்லியாச்சே. காத்து வேற அடிச்சுது. தார்ப்பாயைத் தூக்குச்சு. நான் இன்னொரு முடிச்சுப் போட்டேன். அப்புறம் கீழேயிருந்து ரெண்டு லாரிக்காரங்க வந்து அவனைத் தூக்கிட்டுப் போனாங்க."

"அவங்க உங்களை ஏதாவது கேட்டாங்களா?"

"ஒண்ணும் கேக்கலைங்க. தார்ப்பாயைப் பாத்தாங்க. போயிட்டாங்க."

மலைமேலிருந்து காற்று இறங்கியது. முற்றத்து மண்ணில் பெரிய துளிகள் விழுந்தன.

நாச்சிமுத்து எழப் போனார்.

"உக்காருங்கய்யா" என்றார் அம்மா.

குரு சொல்லிவிட்டார். உட்கார்ந்தார்.

விறகு மேல் கிடந்த தார்ப்பாயை அம்மா எடுத்துவந்தார். மடத்தில் இருந்ததும் அது ஒன்றுதான். அதை மஞ்சள் மூட்டைமேல் போட்டு, நான்கு பக்கமும் நன்றாகச் செருகினார். கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டார்.

மழை வலுத்தது. அம்மாவின் புடவை நனைந்து ஒட்டியது. அவர் கொட்டகைக்குப் போகவில்லை. மூட்டையின் மறுபக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

கொட்டகையில் டிரைவர்கள் கஞ்சியைக் கீழே வைத்தார்கள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நாச்சிமுத்துவின் தலையிலிருந்து தண்ணீர் வழிந்து கண்ணுக்குள் போனது. வேட்டி தொடையோடு ஒட்டிக்கொண்டது. துண்டைத் தலைமேல் போட்டார். அதுவும் நனைந்தது. பல் கிட்டித்தது.

"அம்மா" என்றார்.

"சொல்லுங்கய்யா."

"குளிரு..."

பாதியில் நின்றுவிட்டது. அவர் தலை கவிழ்ந்தது.

காற்று தார்ப்பாயைத் தூக்கியது.

அம்மா இன்னொரு முடிச்சுப் போட்டார்.